‘எழுத்து பிழை’யில் ஒரு ப் குறைகிறது

வாட்சாப் குழுவில் ஒரு பெரியவரின் மறைவுச் செய்தி வருகிறது. முதலில் பார்த்தவர் ‘ஆழ்ந்த இறங்கல்’ என்று போட்டுவிட்டுப் போகிறார். பின்னால் வருபவர்கள் அதையே நகலெடுத்து ஒட்டுகிறார்கள். கால் மணி நேரத்தில் முப்பது பேர் வரிசையாக இறங்கியிருப்பார்கள். அப்போதுதான் ஒருவர் வருவார்: ‘அது இறங்கல் அல்ல, இரங்கல். எழுத்து பிழைகளை திருத்தி பழகுங்கள்.’

அவர் சொன்னது சரிதான். இரங்குதல் என்றால் மனம் உருகுதல், இறங்குதல் என்றால் படியிலிருந்து கீழே வருதல். ஆனால் அவர் எழுதிய நான்கு சொல்லில் மூன்று ஒற்றெழுத்துகளைக் காணோம். ‘எழுத்துப் பிழைகளைத் திருத்திப் பழகுங்கள்’ என்றிருக்க வேண்டும். பிழை திருத்த வருபவர்கள் அதிகம் பிழையாக எழுதும் தொடர் எது என்று கேட்டால், தயங்காமல் ‘எழுத்து பிழை’ என்றே சொல்லலாம். அதற்கு அடுத்த இடம் ‘தவறுகளை திருத்தவும்’ என்பதற்கு.

இதைச் சொல்வது அவரைக் கேலி செய்ய அல்ல. நாம் ‘பிழை’ என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வேறு வேறு சரக்கு இருக்கிறது. விரல் செய்த பிழை, காது செய்த பிழை, கருவி செய்த பிழை, பிழையே அல்லாதது என்று. நம் கோபம் மட்டும் எல்லாவற்றின் மேலும் ஒரே அளவில் பாய்கிறது. பெரும்பாலும் தவறான இடத்தில்.

விரலிலிருந்து தொடங்குவோம். கைப்பேசியில் தமிழ் எழுதுபவர்களில் ஏராளமானோர் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழாக மாற்றும் ஒலிபெயர்ப்பு முறையைப் பயன்படுத்துகிறார்கள். இந்த முறைகளில் ‘எல்’ தட்டினால் ல், ஷிஃப்டோடு ‘எல்’ தட்டினால் ள். ‘ஆர்’ தட்டினால் ர், ஷிஃப்டோடு ற். ‘என்’ தட்டினால் ன், ஷிஃப்டோடு ண். கணினியில் ஷிஃப்டை அழுத்துவது சுண்டுவிரலுக்குப் பழகிய வேலை. தொடுதிரையில் அது தனியாக ஒரு தட்டு. பேருந்தில் நின்றுகொண்டு ஒற்றைக் கட்டைவிரலால் எழுதுபவர் அந்தத் தட்டைத்தான் முதலில் விடுவார். விளைவு: பள்ளி பல்லியாகிறது, பணம் பனமாகிறது, வரலாறு வரலாராகிறது. ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்பது ‘கேட்டுக்கொல்கிறேன்’ ஆகி, பணிவான விண்ணப்பம் கொலை மிரட்டலாக மாறுவது இப்படித்தான்.

இந்த வகைப் பிழைக்கு ஓர் அடையாளம் உண்டு. அது ஒரே திசையில் போகும். ள எப்போதும் ல ஆகும், ற எப்போதும் ர ஆகும், ண எப்போதும் ன ஆகும். பள்ளி பல்லியாவது தினசரிக் காட்சி. சுவரில் ஊரும் பல்லியைப் பள்ளி என்று எழுதியவரைக் காண்பது அரிது. ஒருவருடைய பிழைகள் எல்லாம் இந்தத் திசையில் மட்டும் இருந்தால் அவருக்குத் தமிழ் தெரியும், விசைப்பலகைதான் படுத்துகிறது என்று முடிவு கட்டலாம். அவருக்குச் சொல்ல வேண்டியது இலக்கணம் அல்ல, வேறு விசைப்பலகை.

இப்போது ‘இறங்கல்’ என்பதைத் திரும்பப் பாருங்கள். இது எதிர்த் திசை. ர வர வேண்டிய இடத்தில் ற வந்திருக்கிறது. ஒலிபெயர்ப்பு முறையில் இப்படி எழுத ஷிஃப்டைத் தேடிப்போய் அழுத்தியிருக்க வேண்டும். அல்லது பரிந்துரைப் பட்டையில் முதலில் வந்ததைத் தொட்டிருக்க வேண்டும். எதுவானாலும் இது விரலின் சோம்பல் அல்ல. எழுதியவருக்குச் சொல்லின் வடிவம் நினைவில் இல்லை. ‘கனமான செய்தி, கனமான எழுத்தைப் போடுவோம்’ என்று மனம் தாவியிருக்கிறது.

ந, ன சிக்கல் இன்னும் நுட்பமானது. பல ஒலிபெயர்ப்பு முறைகளில் ‘என்’ சொல்லின் தொடக்கத்தில் ந ஆகவும் இடையில் ன ஆகவும் தானாக மாறிக்கொள்ளும். பெரும்பாலான சொற்களுக்கு இது சரி. சொல்லின் நடுவே இரட்டை ந வரும் இடத்தில் கவிழ்ந்துவிடும். முந்நூறு, வெந்நீர், செந்நிறம், அந்நியன் எல்லாம் இதில் அடிபடுகின்றன. முந்நூறு என்றால் 300. ‘முன்னூறு’ என்று எழுதினால் முன்னால் உள்ள நூறு என்று பொருள் கொள்ளலாம். இந்த இடங்களில் பல முறைகளில் ‘டபிள்யூ’ விசையைத் தட்டினால் ந் வரும். பத்து வருடமாகத் தட்டச்சு செய்பவர்களில்கூட இது தெரியாதவர்கள் உண்டு, ஏனென்றால் யாரும் சொல்லித்தருவதில்லை.

தமிழ்99 விசைப்பலகையில் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் இல்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி விசை. ர, ற இரண்டுக்கும் தனித்தனி. ந, ன, ண மூன்றுக்கும் அப்படியே. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். இன்னொரு வசதி, புள்ளியைத் தானே வைத்துக்கொள்ளும். க, க என்று இருமுறை தட்டினால் ‘க்க’ ஆகும். ந, த என்று தட்டினால் ‘ந்த’ ஆகும். அதற்கும் ஒரு குழி உண்டு: ‘மமதை’ என்று எழுத ம, ம என்று தட்டினால் ‘ம்ம’ வந்து நிற்கும். இரண்டு ம-வுக்கும் நடுவில் அகர விசையை ஒருமுறை தட்ட வேண்டும். கை பழக இரண்டு வாரம் போல ஆகும். ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் இந்த அமைப்பு கிடைக்கிறது.

கருவி செய்யும் பிழைகளில் கண்ணுக்கே தெரியாத ஒன்றும் இருக்கிறது. ஔவையார் என்பதை ‘ஒளவையார்’ என்று, அதாவது ஒ-வையும் ள-வையும் தனித்தனியே தட்டி எழுதுபவர்கள் பலர். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு. யூனிகோடில் ஔ என்பதற்குத் தனி எண் உண்டு. ‘ஔவை’ என்று தேடினால் ‘ஒளவை’ கிடைக்காது. கௌரவத்தைக் ‘கெளரவம்’ என்று எழுதினாலும் இதே கதை. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் அதை எழுத்துக்கு எழுத்து நம்பி ‘கெ-ள-ரவம்’ என்று வாசிக்கும். ஒரு தரவுத்தளத்தில் கௌதம் என்ற பெயரைத் தேடிக் கிடைக்காமல் போனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஒருவரையொருவர் திருத்தத் துடிக்கும் நாம் இதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, கண்ணுக்கு உறுத்துவதில்லை என்பதால். உண்மையில் சேதம் விளைவிக்கும் பிழை இதுதான்.

இனி காது. ர, ற வேறுபாடு இன்று பெரும்பாலான ஊர்ப் பேச்சில் இல்லை. ந, ன வேறுபாடு கேட்பதே இல்லை. ழகரம் ஓர் ஊரில் ளகரமாகிறது, இன்னோர் ஊரில் யகரமாகிறது. காதில் விழாத வேறுபாட்டைக் கண்ணால் பார்த்து மனப்பாடம் செய்துதான் எழுத வேண்டும். அதற்கு நிறைய வாசித்திருக்க வேண்டும், அல்லது சில விதிகளைக் கையில் வைத்திருக்க வேண்டும். பாடப்புத்தக வரிசையில் இல்லாமல், பயன்படும் வரிசையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

ட், ற் இரண்டுக்கும் பிறகு இன்னொரு புள்ளி எழுத்து வராது. இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்தால் இணையத் தமிழின் பாதி உறுத்தல் போய்விடும். ‘அதற்க்கு’, ‘முயற்ச்சி’, ‘பயிற்ச்சி’, ‘கற்ப்பு’, ‘நட்ப்பு’, ‘கட்ச்சி’ எல்லாமே தவறு. அதற்கு, முயற்சி, பயிற்சி, கற்பு, நட்பு, கட்சி. அடுத்தடுத்து இரண்டு புள்ளி எழுத்தைத் தாங்கும் சக்தி ய், ர், ழ் என்ற மூன்றுக்குத்தான் உண்டு: வாய்ப்பு, பார்த்தான், வாழ்த்து. ஆகவே ‘ர்த்’தா ‘ற்த்’தா என்று குழம்பவே வேண்டாம். அடுத்து ஒரு புள்ளி வந்தால் அது சின்ன ர் தான்.

ண, ன, ந மூன்றுக்கும் பழைய ஆசிரியர்கள் வைத்த பெயரே விதி. டண்ணகரம், றன்னகரம், தந்நகரம். ட-வுக்கு முன் ண் (வண்டி), ற-வுக்கு முன் ன் (கன்று), த-வுக்கு முன் ந் (பந்து). ‘மூன்று சுழி, இரண்டு சுழி’ என்று சொல்லித்தந்ததில் வடிவம் மட்டும் மிஞ்சியது, இந்தத் துணை மறந்துபோனது.

சுவர் விஷயம் சுவாரசியமானது. ‘சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்’ என்று ஊரெங்கும் பார்க்கலாம். கிணறு கிணற்றில் ஆகும், வயிறு வயிற்றில் ஆகும், ஏனென்றால் அவை று-வில் முடிகின்றன. சுவர் ர்-இல் முடிகிறது, எனவே சுவரில். எழுதியவர் சும்மா தவறு செய்யவில்லை. ஒரு விதியைக் கற்று அதை வேறு இடத்தில் பொருத்தியிருக்கிறார். ‘முயற்சித்தான்’ என்பதும் அப்படியே. முயல் என்ற வினையிலிருந்து பிறந்த பெயர் முயற்சி. அதிலிருந்து மறுபடி ஒரு வினையைப் பிறப்பிக்க வேண்டியதில்லை, முயன்றான் போதும். ‘நினைவுகூறுதல்’ இன்னொன்று. கூறுவதற்கும் இதற்கும் தொடர்பில்லை, கூர்தல் என்றால் மிகுதல். நினைவுகூர்ந்தார் என்பதே சரி. அஞ்சலிக் குறிப்புகளில் ‘நினைவு கூறுகிறோம்’ வராத நாள் இல்லை.

ஒற்றுப்பிழைக்கு வருவோம். திருத்த வருபவர்களே சறுக்கும் இடம் இது. குறைந்தபட்சமாக நான்கைப் பிடித்துக்கொண்டால் போதும். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி என்பவற்றுக்குப் பின் வல்லினம் மிகும்: அந்தக் கடை. ஐ உருபுக்குப் பின் மிகும்: அவனைக் கேள். கு உருபுக்குப் பின் மிகும்: அவனுக்குக் கொடு. அகரத்திலும் இகரத்திலும் முடியும் வினையெச்சத்துக்குப் பின் மிகும்: வரச் சொன்னான், ஓடிப் போனான். மிகாத இடங்களில் முக்கியமானது பெயரெச்சம்: வந்த பையன், சொன்ன கதை. இதில் பொருளே மாறும். ‘தந்தப் பலகை’ என்றால் யானைத் தந்தத்தால் ஆனது. ‘தந்த பலகை’ என்றால் யாரோ கொடுத்தது. ஒற்று இல்லாமல் எழுதுவதைவிடத் தேவையில்லாத இடத்தில் போடுவது வாசகனை அதிகம் தடுக்கிறது என்பது என் அபிப்பிராயம். இல்லாத ஒற்றைக் கண் தானே நிரப்பிக்கொள்ளும். ‘வந்தப் பையன்’ என்றால் நின்று திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்னவை பிழைகள். இனி, பிழை என்று அடி வாங்கும் பிழையல்லாதவை.

‘போறேன்’, ‘வந்துட்டாங்க’, ‘என்ன பண்றது’ ஆகியவை பேச்சுத் தமிழ். அரட்டை என்பது எழுத்தில் நடக்கும் பேச்சு. அங்கே ‘நான் சென்றுகொண்டிருக்கிறேன்’ என்று எழுதுவதுதான் விநோதம். பேச்சுத் தமிழுக்கு ஒப்புக்கொண்ட எழுத்துமுறை கிடையாது; சொல்ற, சொல்லுற, சொல்றே எல்லாமே புழக்கத்தில் உள்ளவை. மூலச் சொல்லில் என்ன எழுத்து இருக்கிறதோ அதைக் காப்பாற்றினால் வாசிக்க எளிது என்பது மட்டும் ஒரு நல்ல வழக்கம். போகிறேன் என்பதில் ற இருப்பதால் போறேன். ‘போரேன்’ என்றால் போர் ஞாபகம் வருகிறது.

யாழ்ப்பாணத்தவர் ‘வாறன்’ என்று எழுதினால் அது ‘வாரேன்’ என்பதன் பிழை அல்ல, அவர்கள் வடிவம். ரொறன்ரோ, ரி.வி., லொறி, யப்பான், அவுஸ்திரேலியா என்பவையும் அப்படியே. ஆங்கில ‘டி’ (T) ஒலியை ரகரத்தாலும் ‘ஆர்’ (R) ஒலியை றகரத்தாலும் குறிப்பது ஈழத்து எழுத்துமரபு. தமிழ்நாடு டகரத்தை எடுத்துக்கொண்டது. டொராண்டோ என்று எழுதிவிட்டு ரொறன்ரோவைப் பார்த்துச் சிரிப்பவர், கண்ணாடியைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்.

‘அய்யா’ என்று எழுதுவதும் பிழையல்ல. அது ஒரு நிலைப்பாடு. பெரியார் முன்வைத்த எழுத்துச் சீர்திருத்தத்தில் ஐ, ஔ ஆகியவற்றுக்கு மாற்றாக அய், அவ் என்பதும் இருந்தது. 1978இல் தமிழக அரசு சீர்திருத்தத்தை ஏற்றபோது இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளவில்லை. ணா, றா, னா, லை, னை போன்றவற்றின் பழைய கொக்கி, கொம்பு வடிவங்களை மட்டும் மாற்றியது. அன்று அந்தப் புதிய வடிவங்களை முதன்முதலாகப் பார்த்தவர்களுக்கு அவை பச்சைப் பிழையாகத் தெரிந்திருக்கும். இன்று பழைய வடிவில் எழுதினால்தான் பிள்ளைகள் விழிக்கிறார்கள்.

வாழ்த்துகளா, வாழ்த்துக்களா? ஒவ்வொரு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தவறாமல் கிளம்பும் சண்டை இது. குற்றியலுகரத்தில் முடியும் சொல்லோடு கள் சேரும்போது ஒற்று மிகாது, எனவே வாழ்த்துகள் என்பது ஒரு தரப்பு. பசு, தெரு போன்ற முற்றியலுகரச் சொற்களில் பசுக்கள், தெருக்கள் என மிகும் என்பதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ‘வாழ்த்துக்கள்’ என்றால் வாழ்த்தாகிய மது என்று கிண்டலும் செய்வார்கள். மறுதரப்பு, படித்தவர்கள் எழுதிய பழைய நூல்களிலேயே எழுத்துக்கள் என்று இருக்கிறதே என்று காட்டும். நான் க் போடுவதில்லை. ஆனால் போடுபவரை நிறுத்தித் திருத்தும் அளவுக்கு இதில் வலு இல்லை. ஒருவர் மகிழ்ச்சியோடு வாழ்த்தும்போது அந்த வாழ்த்தை வாங்கிக்கொள்ளாமல் ஒரு க்-ஐத் திருப்பி அனுப்புவது என்ன மரியாதை?

நம் இலக்கணம் இதில் நம்மைவிடத் தாராளமானது. வழாநிலை (பிழையற்றது), வழு (பிழை) என்று இரண்டோடு அது நிற்கவில்லை. வழுவமைதி என்று மூன்றாவதாக ஓர் அறை கட்டி வைத்தது. பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்றால் திணை வழுதான், ஆனால் அன்பினால் சொன்னது, அமையும் என்றது. ஐந்து அஞ்சு ஆனதையும் முற்றுப்போலி என்று பெயர் வைத்து உள்ளே சேர்த்துக்கொண்டது. இணையத்தில் அந்த மூன்றாவது அறையைப் பூட்டிவிட்டோம்.

இதற்கு நாம் கொடுக்கும் விலை கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் தெரியும். அதே ஆள் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினால் யாரும் திருத்துவதில்லை. அங்கே மழையும் மலையும் எப்படி எழுதினாலும் செல்லும், விதியே இல்லாததால் பிழையும் இல்லை. தமிழ் எழுத்தில் எழுதினால்தான் அடி. நாலு முறை வாங்கியவர் ரோமன் எழுத்துக்குப் போய்விடுகிறார், தமிழைக் காக்கக் கிளம்பியவர் தமிழ் எழுத்தில் எழுதுபவர் ஒருவரைக் குறைத்துவிட்டு வெற்றியோடு திரும்புகிறார்.

இன்னொரு கோணலும் உண்டு. ஆங்கில வழியில் படித்த பிள்ளை தமிழில் தடுமாறினால் ‘பாவம், கான்வென்ட்’ என்று செல்லமாகச் சிரிப்போம். தமிழ் வழியில் படித்து வந்தவர் ஆங்கிலத்தில் ஓர் இறந்தகாலத்தைத் தவறவிட்டால் அதைப் படம் பிடித்துப் பரப்புவோம். இரண்டும் மொழிப்பிழைதான். ஒன்று வசதியின் அடையாளம், மற்றது வசதியின்மையின் அடையாளம். நாம் சிரிப்பது இலக்கணத்தைப் பார்த்து அல்ல. தமிழகப் பள்ளிகளில் தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் வந்ததே 2006இல் தான். அதற்கு முன் தமிழை ஒரு பாடமாகக்கூடப் படிக்காமல் பள்ளியை முடித்துவிட்டு, இன்று ஆர்வத்தில் தட்டுத்தடுமாறித் தமிழில் எழுதுபவர்கள் பலர். அவர்களிடம் ‘முதலில் தமிழ் படித்துவிட்டு வா’ என்றால், படிக்கத்தானே வந்திருக்கிறார்கள்.

அப்படியானால் திருத்தவே கூடாதா? திருத்தலாம். பொருள் மாறும் இடத்தில் கட்டாயம் திருத்தலாம். ‘குப்பையை இங்கே எரியாதீர்’ என்று குடியிருப்போர் குழுவில் அறிவிப்பு வந்தால், கொளுத்தக் கூடாதா, வீசக் கூடாதா என்பது தெரிந்தாக வேண்டும். கோழிக்கரி என்று கடை விளம்பரம் வந்தால் கடைக்காரருக்குச் சொல்வது உதவி. தலைப்பு, அழைப்பிதழ், பதாகை போன்றவை அச்சுக்குப் போவதற்கு முன் கண்ணில் பட்டால் உடனே சொல்ல வேண்டும், அச்சாகி வந்தபின் சொல்லிப் பயனில்லை. எதையும் தனிச் செய்தியில் சொல்வது நல்லது. ஒரு நேரத்தில் ஒரு பிழை போதும். காரணத்தையும் ஒரு வரியில் சேர்த்தால் அடுத்த முறைக்கு உதவும். ‘ற்-க்குப் பிறகு புள்ளி வராது, அதனால் அதற்கு’ என்றால் அவர் முயற்சியையும் பயிற்சியையும் தானே சரிசெய்துகொள்வார். வாதத்தின் நடுவில் மட்டும் வேண்டாம். பதில் தீர்ந்துபோனவர்தான் அங்கே ஒற்றைத் தேடுவார் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

அனுப்பும் முன் சரிபார்க்க நீச்சல்காரன் என்ற புனைபெயர் கொண்டவர் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழை திருத்தியும், சந்திப்பிழைக்கு நாவியும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் எந்தத் திருத்தியும் தனிச்சொல்லாகச் சரியாக இருப்பதை எளிதில் பிடிக்காது. பல்லியும் சரியான சொல், இறங்கலும் சரியான சொல். குரல்வழித் தட்டச்சிலும் இதே இடர்தான், கூடவே நிறுத்தற்குறிகளும் காணாமல் போகும். கைப்பேசியின் பரிந்துரைப் பட்டையை முழுதாக நம்ப வேண்டாம்; ஒரு பிழையைப் பலமுறை தேர்ந்தெடுத்தால் அது அதையே முதலில் நீட்டத் தொடங்கும். அதன் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் பல விசைப்பலகைகளில் அந்தச் சொல்லை நீக்கிவிடலாம்.

அந்த மறைவுச் செய்திக்கு வருவோம். முப்பது ‘இறங்க’லுக்குக் கீழே திருத்தம் எதுவும் போட வேண்டாம். உங்கள் அஞ்சலியை ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று எழுதி, இறந்தவரைப் பற்றி ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். அடுத்து வருபவர் மேலே உள்ளதைத்தான் நகலெடுப்பார், முப்பத்திரண்டாவதிலிருந்து இரங்கல் வரத் தொடங்கும்.